தராசுக்குக் காசு கொடுங்கள், மற்றதை ஆசாரியிடம் கேளுங்கள்

பட்டறைக் கேள்வி பதில்

பள்ளத்தூரில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டுக்குள் தம்பி மகன் ஒரு விமானம் கட்டிக்கொண்டிருக்கிறான் என்று இந்தப் பகுதியில் போகிறபோக்கில் எழுதிவிட்டேன். அதிலிருந்து மோட்டார் ரிப்பேர், கிரைண்டர் பெல்ட் என்று கேட்டுக்கொண்டிருந்த வாசகர்கள் எல்லாரும் விமானத்துக்குத் தாவிவிட்டார்கள். பெங்களூரில் ஒரு விமானத் தொழிற்சாலையின் ஃபைபர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் அவனுக்கு நான்தான் மேஸ்திரி. வந்த கடிதங்களில் பொதுவாகப் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில்.

ஆச்சி, நான் இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டிலேயே ஃபைபர் விமானம் கட்ட ஆசை. கருவிகளுக்கே பல லட்சம் ஆகும் என்கிறார்கள். முதலில் எதை வாங்குவது? — மாணவர், காரைக்குடி

கருவிக்கு லட்சமெல்லாம் ஆகாது தம்பி. தகட்டு விமானம் என்றால் ரிவெட் துப்பாக்கி, கம்ப்ரசர், தகடு வளைக்கும் மெஷின் என்று ஒரு பட்டறையே வேண்டும். அச்சு வைத்துச் செய்யும் ஃபைபர் விமானம் என்றால் அச்சுக்கே பாதிக் காசு போய்விடும். இரண்டும் இல்லாத ஒரு வழியை அமெரிக்காவில் பர்ட் ரூட்டன் என்பவர் பிரபலமாக்கினார். தெர்மாகோல் மாதிரியான ஃபோம் கட்டையைச் சூடான கம்பியால் இறக்கை வடிவத்துக்கு அறுப்பது, அதன் மேலேயே கண்ணாடி இழைத் துணியை எபாக்சி ரெசின் என்ற இறுகும் பசையில் நனைத்து ஒட்டுவது, அவ்வளவுதான். ஃபோம் உள்ளேயே இருந்துவிடும். 1975ல் பறந்த வேரி ஈஸி, 1979ல் பறந்த லாங் ஈஸி இரண்டும் இப்படிச் செய்தவை. அவற்றைக் கட்டுவதற்கான வரைபடம் விற்பதை அவர் 1985ல் நிறுத்திவிட்டார். பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு இன்றும் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் நடப்பதும் அந்த முறைதான்.

முதலில் வாங்க வேண்டியது நல்ல டிஜிட்டல் தராசு. ஒரு கிராம் வரை காட்டுவது ஒன்று, சின்ன அளவுகளுக்கு 0.1 கிராம் காட்டும் நகைக்கடைத் தராசு ஒன்று. எபாக்சியில் ரெசினும் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரும் எடைக்கு எடை கணக்காகச் சேர வேண்டும். 100க்கு 40 என்று டப்பாவில் இருந்தால் 100க்கு 40தான். ஹார்ட்னரைக் கொஞ்சம் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்று ஃபைபர் வேலைக்காரர்கள் சொல்வார்கள். அது பாலியெஸ்டர் ரெசின் பழக்கம். எபாக்சியில் ஹார்ட்னர் வெறுமனே தூண்டிவிடுகிற மருந்து கிடையாது, அதுவே ரெசினோடு இணைந்து பொருளாக மாறுகிறது. கூடுதலாக ஊற்றியது இணைய ஆள் இல்லாமல் உள்ளேயே நின்று பாகத்தைப் பலவீனமாக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

தராசின் மேல் பாலிதீன் உறை போட்டுவிடுங்கள், ரெசின் சிந்தியே ஆகும். மளிகைக் கடையில் முத்திரை போட்ட எடைக்கல் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, வேலை தொடங்குமுன் அதைத் தராசில் ஏற்றிப் பாருங்கள். பேட்டரி இறங்கினால் சில தராசுகள் பொய் சொல்லும். மெழுகு பூசிய கப்பில் கலக்க வேண்டாம். ஐஸ் குச்சியால் ஓரத்தையும் அடியையும் சுரண்டிச் சுரண்டி இரண்டு நிமிடமாவது கலக்குங்கள். பிறகு இன்னொரு கப்பில் மாற்றி மறுபடி கலக்குங்கள். முதல் கப்பின் சுவரில் ஒட்டிய கலக்காத ரெசின் அதோடு ஒழிந்தது. வேலை முடிந்ததும் கப்பில் மிஞ்சியதைத் தூக்கிப் போடாமல் தேதியையும் எந்தப் பாகத்துக்கு என்பதையும் எழுதி அலமாரியில் வையுங்கள். இறுகிய பிறகு நகத்தால் கீறிப் பார்த்தால் தெரியும், அந்த நாள் கலவை சரியா என்று. கப் பிசுபிசுத்தால் பாகத்தையும் சந்தேகப்பட வேண்டும்.

மற்றதெல்லாம் சில்லறை. பெயிண்டர்கள் வைத்திருக்கும் பிளாஸ்டிக் புட்டி பிளேடு, ஒரு அங்குல பிரஷ் ஒரு டஜன், ஹேர் டிரையர், முடிந்தால் அதிர்ந்து அறுக்கும் மல்டி டூல். பிரஷ்ஷின் முடியைப் பாதிக்கு வெட்டிவிடுங்கள். துணியின் மேல் இழுத்துப் பூசினால் இழை கலைந்துவிடும். குட்டை முடியால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். ரெசின் கெட்டியாக நின்று துணிக்குள் இறங்க மறுத்தால் ஹேர் டிரையரை லேசாகக் காட்டுங்கள், இளகி இறங்கும். பெயிண்ட் உரிக்கும் ஹீட் கன் கிட்டவே வரக் கூடாது, உள்ளே இருக்கும் ஃபோம் சுருங்கிவிடும்.

தொண்டிப் பக்கம் ஃபைபர் வள்ளம் செய்கிற என் மைத்துனரிடம் ரெசினும் ஃபைபர் மேட்டும் மலிவாகக் கிடைக்கும். அதையே விமானத்துக்குப் போட்டால் என்ன? — திருவாடானை

வள்ளத்துக்கு அது நல்ல பொருள். உங்கள் மைத்துனர் கையில் இருக்கும் பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் கலந்திருக்கிறது. இறக்கைக்குள் இருக்கும் பாலிஸ்டைரீன் ஃபோமை அது கரைத்துவிடும். ஒரு துண்டு தெர்மாகோல் மேல் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழி விழும். எபாக்சி கரைக்காது.

அப்புறம் அந்த மேட். துண்டு துண்டு இழைகளை ஒரு பசையால் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பசை ஸ்டைரீனில் கரைவதற்காகவே வைத்தது, எபாக்சியில் ஒழுங்காகக் கரையாது. கரைந்தாலும் துண்டு இழைக்கு நீள இழையின் பலம் வராது. இறக்கையின் மேல் தோலுக்கு ஒரே திசையில் ஓடும் இழைத் துணியும், குறுக்கும் நெடுக்கும் நெய்த துணியும் வரைபடம் சொன்ன இடத்தில் சொன்ன கோணத்தில் வேண்டும்.

எல்லாருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கருவியில் எவ்வளவு சிக்கனம் வேண்டுமானாலும் பிடியுங்கள், உள்ளூர்ச் சாமானை வைத்து எப்படி வேண்டுமானாலும் சமாளியுங்கள். பறக்கிற பொருளில் மட்டும் கை வைக்காதீர்கள். ஃபோமும் அப்படித்தான். வரைபடம் கன அடிக்கு 2 பவுண்டு, அதாவது கன மீட்டருக்குச் சுமார் 32 கிலோ அடர்த்தியுள்ள ஃபோமைக் கேட்டால், டிவி பெட்டிக்குள் வந்த தெர்மாகோலை அந்த இடத்தில் வைக்க முடியாது.

நான் எலக்ட்ரீஷியன். ஃபோம் அறுக்கும் கம்பிக்கு வீட்டுக் கரண்டையே டிமர்ஸ்டாட் வழியாகக் குறைத்துக் கொடுக்கலாம் என்று நண்பர் சொல்கிறார். சரிதானா? — தேவகோட்டை

சரியில்லை. எலக்ட்ரீஷியனான நீங்களே கேட்டதால் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். டிமர்ஸ்டாட்டில் இருப்பது ஒரே சுற்று. முள்ளை 20 வோல்ட்டில் வைத்தாலும், ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் கம்பிக்கும் தரைக்கும் நடுவில் 230 வோல்ட் நிற்கும். வெறுங்கம்பி, அதன் இரு முனையிலும் இரண்டு பேர், காலுக்குக் கீழே ஈரத்துணியால் துடைத்த ஆத்தங்குடிக் கல். யோசித்துப் பாருங்கள்.

முதல் சுற்றும் இரண்டாம் சுற்றும் தனித்தனியாக இருக்கும் 24 வோல்ட் டிரான்ஸ்பார்மர் ஒன்று வாங்குங்கள், 15 முதல் 20 ஆம்பியர் தாங்குவதாக இருக்கட்டும். டிமர்ஸ்டாட்டை அதற்கு முன்னால் போட்டுக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். காலால் மிதிக்கிற சுவிட்ச் வைத்தால் இரண்டு கையும் கம்பியைக் கட்டிய வில்லில் இருக்கும்.

வில்லுக்கு எந்தக் கடைக்கும் போக வேண்டாம், ஆசாரியிடம் சொன்னால் மரத்தில் செய்து தருவார். அவருடைய பழைய வில் ரம்பத்தில் கயிற்றை முறுக்கி அலகை இறுக்குவாரே, அந்த ஏற்பாடே போதும். கம்பி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் லாக் வயர், 0.041 அங்குலம், சுமாராக 1 மில்லிமீட்டர். சூடானால் நீளும், அதனால் சூடான பிறகு இன்னொரு முறுக்கு முறுக்க வேண்டும். தொய்ந்த கம்பியால் அறுத்தால் இறக்கையின் நடுவில் பள்ளம் விழும்.

சூடு எவ்வளவு? கம்பி சிவக்கவே கூடாது. அறுத்த பரப்பில் மெல்லிய முடி மாதிரி இழைகள் நின்றால் சூடு சரி. பரப்பு உருகிப் பளபளத்து, வெட்டு அகலமானால் அதிகம். கம்பியைத் தள்ளித் தள்ளி இழுக்க வேண்டியிருந்தால் குறைவு. ஒரு அங்குலம் நகர நாலைந்து விநாடி ஆகட்டும். அவசரப்பட்டால் முனைகள் முன்னே போகும், நடுக்கம்பி பின்தங்கும். முன்விளிம்பில் வளைவு திரும்பும்போது அந்தப் பின்தங்கல் அப்படியே இறக்கையில் பதிந்துவிடும்.

ஃபோமின் இரு பக்கமும் ஆணியடித்து வைக்கும் இறக்கை வடிவ வார்ப்புருவைச் சன்மைக்காவிலோ பிளைவுட்டிலோ வெட்டி, ஓரத்தை எமரியால் வழுவழுவென்று தேய்த்துவிடுங்கள். கம்பி ஒரு இடத்தில் சிக்கினாலும் கோடு விழும். இரண்டு வார்ப்புருவிலும் ஒரே எண்ணிக்கையில் கோடு போட்டு எண் எழுதுங்கள். இறக்கையின் அடி அகலம், நுனி குறுகல். அதனால் இரண்டு பேரும் ஒரே வேகத்தில் போனால் தப்பு, ஒரே எண்ணில் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். ஒருவர் எண்ணைச் சத்தமாகச் சொல்ல, மற்றவர் "ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே வரட்டும். எங்கள் வீட்டில் எண் சொல்வது நான். அவன் "ஆச்சு அயித்தை, ஆச்சு அயித்தை" என்று கத்துவதைக் கேட்டுத் தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

இன்னொரு விஷயம். சூடான கம்பி பாலிஸ்டைரீன் ஃபோமுக்கு மட்டும். யூரித்தேன் ஃபோமை அறுத்தால் விஷப்புகை வரும், ஹைட்ரஜன் சயனைடும் அதில் உண்டு. பி.வி.சி. ஃபோமும் கூடாது. இவற்றைக் கத்தியால் வெட்டி எமரியால் தேய்த்தே வடிவம் கொண்டுவர வேண்டும். பாலிஸ்டைரீன் புகையும் நல்லதில்லை, நம் வீட்டு வளவு மாதிரித் திறந்த இடத்தில் அறுங்கள். ஆனால் ஃபேனை நிறுத்திவிடுங்கள், காற்று பட்ட பக்கம் கம்பி குளிர்ந்து வெட்டு கோணலாகும்.

முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். பித்தளைத் தராசு, இரும்பு எடைக்கற்கள் நிறைய இருக்கின்றன. உங்களுக்கு உதவுமா? — காரைக்குடி

தராசு வேண்டாம், அழகுக்கு வாங்குகிறவர்களுக்கு விற்றுவிடுங்கள். எடைக்கற்களை ஒதுக்கி வையுங்கள், தம்பி மகனை அனுப்புகிறேன். ஃபோம் கட்டையை நகராமல் பிடிக்கவும், ஒட்டிய பாகத்தின் மேல் பாரம் வைக்கவும் அதைவிடத் தோதான சாமான் கிடையாது. பாலிதீனில் சுற்றிவிட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஐப்பசி கார்த்திகையில் ஈரம், சித்திரையில் கொதிக்கிறது. நம் ஊரில் எப்போதுதான் ரெசின் வேலை செய்வது? — கோட்டையூர்

நல்ல கேள்வி. டப்பாவில் எழுதியிருக்கும் நேரமெல்லாம் 25 டிகிரியை ஒட்டிய கணக்கு. 10 டிகிரி கூடினால் வேலை நேரம் ஏறக்குறைய பாதியாகும். பட்டறையில் 35 டிகிரி இருந்தால் 40 நிமிடம் என்று போட்டது 20 நிமிடம்தான். அதுவும் கப்பில் குவித்து வைத்திருந்தால் தன் சூட்டிலேயே இன்னும் சூடேறி, புகைந்து, கப்பே உருகிவிடும். கலக்கியவுடன் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். மெதுவாக இறுகும் ஹார்ட்னரைக் கேட்டு வாங்குங்கள்.

விடிகாலையில் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று பலர் அப்போது தொடங்குவார்கள். எனக்கு அது பிடிக்காது. காலையில் ஒட்டினால் பகலில் சூடு ஏற ஏற ஃபோமின் மேற்பரப்பில் இருக்கும் காற்று விரிந்து துணிக்கு அடியில் கொப்புளமாக எழும்பும். மாலை நாலு மணிக்கு மேல், சூடு இறங்கும் நேரத்தில் தொடங்கினால் அந்தக் காற்று சுருங்கும், ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மழைக்காலத்துக்கு ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். விலை குறைவு. 60 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அன்றைக்கு எமரி தேய்க்கிற வேலை, மரவேலை, கணக்கு எழுதுகிற வேலை என்று ஏதாவது பாருங்கள். ஈரக் காற்றில் இறுகும் எபாக்சியின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு படலம் வரும். அதன் மேல் அடுத்த அடுக்கை ஒட்டினால் பிடிக்காது. இந்தப் படலத்தை எமரியால் தேய்க்கப் போகாதீர்கள், உள்ளே தேய்த்து இறக்கிவிடுவீர்கள். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் போட்டுக் கழுவி, துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகுதான் எமரி.

நம் வீடுகளின் தடித்த சுவர் ஒரு வரம். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளறை ரொம்பச் சூடாகாது. ஆனால் வளவு திறந்தே கிடப்பதால் மழை ஈரம் நேராக உள்ளே வரும். ஆகவே கதவு சாத்தக்கூடிய அறைதான் ரெசினுக்கு, வளவு ஃபோம் அறுக்க. முதல் மழை விட்ட மாலைகளில் ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துவிடுங்கள். இறுகாத எபாக்சியில் ஈசல் கூட்டம் வந்து விழுந்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும், சிறகு தனியாக ஒட்டிக்கொண்டு வரவே வராது.

நான் கொத்தனார். எங்கள் தூக்குக்குண்டு, டியூப் லெவலுக்கெல்லாம் விமானத்தில் வேலை உண்டா? லேசர் கருவிதான் வேண்டும் என்கிறார் எங்கள் ஊர்ப் பையன். — புதுவயல்

அண்ணே, லேசர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. இரண்டு இறக்கையும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்க்க டியூப் லெவலை மிஞ்சிய கருவி எனக்குத் தெரியாது. டியூபுக்குள் காற்றுக்குமிழ் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரில் கொஞ்சம் நீலம் கலந்தால் கண்ணுக்கு லேசு.

நம் தரை மட்டம் என்று நம்பி யாரும் அளக்கக் கூடாது. தண்ணீர் ஓடுவதற்காகவே வாட்டம் கொடுத்துப் பதித்திருப்பீர்கள். முதலில் ஒரு நீள மேசை செய்து, அதை ரசமட்டம் பார்த்து ஆப்பு வைத்து நிறுத்தி, கால்களைத் தரையோடு அசையாமல் பிடித்துவிட வேண்டும். மேசைமேல் நடுக்கோட்டுக்கு மீன்பிடி நரம்பை இறுக்கிக் கட்டுங்கள். மூக்கு நுனியில் இருந்து இரண்டு இறக்கை நுனிக்கும் டேப் பிடித்து அளந்தால் இரண்டும் ஒன்றாக வர வேண்டும், மூலைமட்டம் பார்ப்பீர்களே, அந்தக் கணக்குத்தான்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் முறுக்கு. ஒரு இறக்கையின் கோணத்துக்கும் மற்றதின் கோணத்துக்கும் வித்தியாசம் இருந்தால் விமானம் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போகும், ஓட்டுகிறவர் எப்போதும் கட்டுப்பாட்டுக் கம்பை எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு மட்டும் ஒரு டிஜிட்டல் கோணமானி வாங்கிக் கொடுங்கள் பையனுக்கு. இரண்டு இறக்கையையும் அதே கருவியால், அதே திசையில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். கருவியில் சின்னப் பிழை இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே பிழையாக இருக்கும்.

அளந்து நிறுத்தியதை அசையாமல் வைக்க கார் பட்டறைப் புட்டி போதும். மரக்கட்டையை மேசையோடும் பாகத்தோடும் புட்டியால் ஒட்டிவிட்டு, வேலை முடிந்ததும் உளியால் ஒரு தட்டு தட்டினால் வந்துவிடும். வெறும் ஃபோம் மேல் மட்டும் அந்தப் புட்டி படக் கூடாது, அதிலும் ஸ்டைரீன் உண்டு.

தையல் கடை வைத்திருக்கிறேன். கண்ணாடித் துணி வெட்டித் தரச் சொல்லி என் மகன் கேட்கிறான். துணி வெட்டும் கத்தரிக்கோலே போதுமா? — கானாடுகாத்தான்

உங்கள் நல்ல கத்தரிக்கோலைக் கொடுத்துவிடாதீர்கள் தங்கச்சி. கண்ணாடி இழை அலகைச் சீக்கிரம் மழுக்கிவிடும். அதற்கென்று ஒன்று ஒதுக்கி, சிவப்பு நூல் கட்டி வையுங்கள். நீளமாக வெட்ட, சக்கரம் போல் உருளும் கட்டர் ரொம்பத் தோது. துணியை மடிக்கக் கூடாது, மடித்த இடத்தில் இழை முறியும். குழாயில் சுருட்டித்தான் வைக்க வேண்டும். நெய்த துணியைப் பல இடங்களில் 45 டிகிரிக் குறுக்காக வெட்டச் சொல்லியிருக்கும். பாவாடைக்குக் குறுக்கு வெட்டு போடுகிற உங்களுக்கு அது கை வந்த வேலை, பொறியியல் படித்த பிள்ளைகள்தான் அதில் திணறுவார்கள்.

ஓரங்களில் ஒட்டும் பட்டைகளுக்கு ஒரு வழி இருக்கிறது. மேசையில் பாலிதீன் தாளை விரித்து அதன் மேல் துணி, துணி மேல் ரெசின், அதன் மேல் இன்னொரு பாலிதீன். புட்டி பிளேடால் மேலிருந்து அழுத்தி இழுத்தால் ரெசின் எங்கும் சீராகப் பரவும், அதிகப்படி வெளியே வந்துவிடும். பிறகு தாளோடு சேர்த்துப் பட்டை பட்டையாக வெட்டி, ஒரு பக்கத் தாளை உரித்து, இடத்தில் ஒட்டி, மறுபக்கத் தாளை உரியுங்கள். இழை பிரியாது, கையும் நாறாது.

உங்கள் கடையில் இருக்கும் பாலியெஸ்டர் லைனிங் துணிக்கும் வேலை உண்டு. பின்னால் வேறு பாகம் ஒட்டப்போகும் இடத்தில் ஈர ரெசின் மேல் அந்தத் துணியைப் பட்டையாக வைத்து நனைத்துவிட்டு, இறுகிய பிறகு உரித்தால், சொரசொரப்பான சுத்தமான பரப்பு கிடைக்கும். பருத்தி கூடாது, பிடித்துக்கொண்டு வராது. தண்ணீர் ஒட்டாத பூச்சு போட்ட துணியும் கூடாது, அந்தப் பூச்சு பாகத்தில் ஒட்டி அடுத்த ஒட்டைக் கெடுக்கும். துவைத்த துணியாகப் பார்த்து, முதலில் கழிவுத் துண்டில் சோதித்துவிட்டுத்தான் பாகத்தில் வைக்க வேண்டும். ஒருமுறை உரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ரெசின் வேலை தொடங்கியதில் இருந்து கையெல்லாம் அரிப்பு. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வேலை செய்கிறேன். வேறு வழி உண்டா? — குன்றக்குடி

எண்ணெயை இன்றே நிறுத்துங்கள். கையில் இருக்கும் எண்ணெய் துணியில் படும், துணி ஒட்டாது. வேலையையும் நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். கண்ணாடித் தூசியால் வந்த அரிப்பு என்றால் குளிர்ந்த தண்ணீரில் கழுவினால் அடங்கும். எபாக்சி ஒவ்வாமை என்றால் அது வேறு. ஒருமுறை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க ஒத்துக்கொள்ளாது, கொஞ்சம் பட்டாலே வீங்கும். கட்டிக்கொண்டிருந்த விமானத்தைப் பாதியில் விட்டவர்கள் பலருக்கு இதுதான் காரணம்.

மருத்துவர் சரி சொன்ன பிறகு, நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை. கையுறையில் ரெசின் ஏறினால் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது. தோலில் பட்டால் வினிகரால் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தின்னரும் அசிட்டோனும் கையில் படவே கூடாது. தோலின் எண்ணெயைக் கரைத்து ரெசினை உள்ளே கொண்டுபோகும். முழுதாக இறுகாத எபாக்சியை எமரி போடுவது மோசமான வேலை. அந்தத் தூசி தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாது, நல்ல மாஸ்க் இல்லாமல் தேய்க்காதீர்கள். கைக்குட்டை கட்டுவது மாஸ்க் ஆகாது.

ஒட்டியது உள்ளே சரியாகப் பிடித்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா? — திருப்பத்தூர்

கண்ணும் காதும் போதும். நன்றாக நனைந்த கண்ணாடித் துணி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், அடியில் இருக்கும் ஃபோம் தெரியும். வெள்ளையாகத் தெரிந்தால் அங்கே காற்று நிற்கிறது அல்லது ரெசின் போதவில்லை. பளபளவென்று குளம் கட்டி நின்றால் ரெசின் அதிகம். அது பலம் தராது, எடைதான் தரும். துணியை வெட்டியவுடன் நிறுத்துப் பார்த்து, அந்த எடைக்கு மேல் ரெசின் கலக்காமல் இருந்தாலே பாதி வெற்றி. கை தேர்ந்தவர்கள் 60 பங்கு துணிக்கு 40 பங்கு ரெசின் வரை கொண்டுவருவார்கள்.

இறுகிய பிறகு ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, ஒரு கட்டம்கூட விடாமல் தட்டிக்கொண்டே போங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்துவிட்டுக் கொத்தனார் தட்டிப் பார்ப்பாரே, அதே காதுதான் வேண்டும். பிடித்த இடம் கணீரென்று சொல்லும், பிடிக்காத இடம் பொத்தென்று சொல்லும். பொத்தென்ற இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, வரைபடத்தோடு வந்த பழுதுபார்க்கும் முறைப்படி சரிசெய்யுங்கள். அதன் மேல் புட்டி அடித்து மறைக்கிறவரோடு நான் பேசுவதாக இல்லை.

ஓரம் வெட்டுவதற்கும் ஒரு நேரம் இருக்கிறது. ஈரமும் போய், முழுதாக இறுகியும் போகாமல், தோல் மாதிரி இருக்கும் பொழுதில் புது பிளேடால் வெட்டினால் வெண்ணெயாக வரும். விட்டுவிட்டால் மறுநாள் மல்டி டூலும் தூசியும்தான்.

என் அப்பச்சி, "பிளாஸ்டிக் விமானத்தில் எவன் ஏறுவான்" என்று சிரிக்கிறார். என்ன சொல்வது? — கண்டனூர்

1986 டிசம்பரில் வாயேஜர் என்ற ஃபைபர் விமானம் எங்கும் இறங்காமல், நடுவில் பெட்ரோல் நிரப்பாமல், ஒன்பது நாளில் உலகைச் சுற்றியது என்று சொல்லுங்கள். வடிவமைத்தவர் அதே ரூட்டன். நம் நாட்டிலேயே பெங்களூர் என்.ஏ.எல். என்ற அரசு விமான ஆய்வுக்கூடம் செய்த ஹன்சா பயிற்சி விமானம் முழுக்க ஃபைபர், 1993ல் முதலில் பறந்தது. போயிங் 787ன் எடையில் பாதிக்குக் கிட்ட காம்போசிட்தான், அதாவது இழையும் ரெசினும் சேர்ந்த பொருள். அப்பச்சி வெளிநாடு போய்வந்தவர் என்றால் அதில் ஏறியும் இருப்பார்.

கட்டி முடித்தால் நம் செட்டிநாடு ஓடுதளத்திலேயே ஓட்டிப் பார்த்துவிடலாம்தானே? — செட்டிநாடு

அப்படியெல்லாம் கிளம்பிவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆங்கிலேயர் போட்ட ஓடுதளம் அது. பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக நம் சொந்தம் ஆகிவிடாது. விமானத்துக்குப் பதிவு, பறக்க அனுமதி, ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ், இடத்துக்கு அனுமதி என்று எல்லாம் தனித்தனி. முதல் ஃபோமை அறுக்குமுன்பே விமானப் போக்குவரத்து இயக்ககமான டி.ஜி.சி.ஏ.வுக்கு எழுதிக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். மும்பையில் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவுக்கு 2017ல் பதிவு கிடைத்தது, பறக்க அனுமதி 2019ல்தான் வந்தது. அவர் தொழில்முறை விமானி. இத்தனைக்கும் பிறகு காகித வேலையை லேசாக நினைக்காதீர்கள்.

அதனால் நோட்டுப் புத்தகமும் ஒரு கருவிதான் என்று தம்பி மகனிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். தேதி, வெப்பம், ஈரப்பதம், எந்த டப்பா ரெசின், எத்தனை அடுக்கு, மூடப்போகும் பாகத்தின் போட்டோ. மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று எந்த அதிகாரிக்கும் காட்ட முடியாது.

பறக்கிற ஆசை இந்த மண்ணுக்குப் புதிதில்லை. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் லண்டன் கிராய்டனில் விமானம் ஓட்டக் கற்று, ஜூபிடர் ஏர்வேஸ் என்று விமான நிறுவனமே நடத்தியவர். அவரும் லைசென்ஸ் வாங்கிக்கொண்டுதான் ஏறினார்.

என் விமானத்துக்கு மயில் நீல வண்ணம் அடிக்க ஆசை. எந்த பெயிண்ட் நல்லது? — கொத்தமங்கலம்

வெள்ளை. நம் வெயிலில் நிற்கும் அடர்நிற இறக்கை தொட முடியாத அளவுக்குச் சூடேறும். எபாக்சி ஒரு சூட்டுக்கு மேல் இளகத் தொடங்கும், உள்ளே இருக்கும் ஃபோமும் அப்படித்தான். வெள்ளைக்கு அடியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பிரைமர் ஒன்றும் வேண்டும், வெயில் எபாக்சியை அரிக்கும். மயில் நீலம் வாங்கியாகிவிட்டது என்றால், வி.டி. என்று தொடங்கும் பதிவு எழுத்துகளை அதில் எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளையில் நன்றாக எடுப்பாகத் தெரியும்.